புயற்காலமும் நம் தொண்டர் கடமையும்

 

வெள்ளி விழாக் காணும் ஒரு கல்விச் சங்கத்தின் மேடையில் கல்வியைப் பற்றிப் பேசாமல் புயலைப் பற்றிப் பேசுவது ஏன் என்று சிலர் எண்ணக்கூடும். மழைக்காலத்தில் நம் குடியிருப்புகளில் கூரை ஒழுகினால் முதலில் நனைவது எது? பிள்ளையின் புத்தகம், அடுத்து, தகரப் பெட்டியிலோ அரிசிப் பானையின் மேலோ வைத்திருக்கும் சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பட்டா. கல்லூரியில் சேர வேண்டிய மாணவன் ஒருவன், மை கரைந்த சான்றிதழைக் கையில் ஏந்திக்கொண்டு வட்டாட்சியர் அலுவலக வாயிலில் ஆறு நாள் நின்றதை நாம் கண்டிருக்கின்றோம். ஆகவே இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சே ஆகும்.

நம் பக்கத்துப் பெரியவர்களிடம் புயல் என்றால், "கடல் எங்கே இருக்கிறது, நாம் எங்கே இருக்கிறோம்?" என்று கேட்பார்கள். உத்திரமேரூருக்கும் கடற்கரைக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 45 கிலோமீட்டர் தூரமே உண்டு. புயலுக்கு அது ஒரு தூரமா? 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் சென்னையில் கரையைக் கடந்தது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தருகே கரை ஏறியது. 2024 நவம்பர் 30-இல் வந்த ஃபெஞ்சல் புயலின் காற்று அவ்வளவு கடுமையானதன்று. அது புதுச்சேரியருகே கரை கடந்தபின் நகராமல் தங்கி நின்றதுதான் கேடாயிற்று. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த நாள், கடலையே காணாத கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையிலும் அதே அளவு மழை பெய்தது. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு உயிர்கள் மாண்டன. காற்றின் வேகத்தைக் கேட்டு, "இது சின்னப் புயல்தான்" என்று கதவைச் சாத்திக்கொண்டு படுப்பது எத்துணைப் பேதைமை என்பதை அந்த மூன்று நாட்கள் காட்டின. கடலோரத்தாருக்குக் காற்றும் அலையும் பகை. நமக்கோ ஏரிதான் பகை. ஆண்டு முழுவதும் நம்மை வாழவைக்கும் அதே ஏரி.

ஏரியைப் பற்றிப் பேசும்போது நம் ஊரின் பெருமையைக் கூறாமல் இருத்தல் இயலாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் உலகப் புகழ் பெற்றவை. அவற்றில் ஏரி வாரியம் என ஒரு குழுவே கூறப்படுகின்றது. பல்லவர் காலத்து வயிரமேகத் தடாகத்தைக் காக்க அன்றே குழு இருந்தது என்று மாணவர்க்கு நாம் ஆண்டுதோறும் பாடம் நடத்துகின்றோம். அக்குழுவில் இடம்பெற வேண்டுமானால் வரி செலுத்தும் கால் வேலி நிலமும் சொந்த மனையும் வேத அறிவும் வேண்டும் என்ற பகுதியை மட்டும் பல ஆசிரியர்கள் வேகமாகப் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாம் நிறுத்திப் படிப்பது வழக்கம். குடத்தில் ஓலை இடப்பெற்றோருள் நம் முன்னோர் இல்லை. ஆயின் மழை இரவில் கரைமேல் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மதகுக்கும் கலங்கலுக்குமாக நடந்தவர் யார்? வடதமிழ்நாட்டு ஏரிகளில் நீர்கட்டி, கம்புகட்டி என்று பெயர் பெற்று நீர் திறந்தவரும் கரை காத்தவரும் பெரும்பாலும் நம் மக்களே. மதுராந்தகத்தில், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லயோனல் பிளேஸ் என்னும் செங்கற்பட்டுக் கலெக்டர், உடைய இருந்த ஏரிக்கரையில் இராமரும் இலக்குவனும் வில்லேந்தி நிற்பதைக் கண்டதாக ஒரு கதை உண்டு. ஏரி காத்த இராமர் என்று கோயிலும் விளங்குகின்றது. பக்தர்களின் நம்பிக்கையை நாம் குறை கூறவில்லை. அன்றிரவு கரையில் மண் கொட்டியவர்களும் சிலர் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களுக்குக் கதையில் இடமில்லை.

எச்சரிக்கை சொல்லும் வேலையும் அவ்வாறே. ஏரி நிரம்பிவிட்டது, ஆற்றில் வெள்ளம் வருகின்றது என்றால் இருட்டிலும் மழையிலும் தெருத்தெருவாகத் தண்டோரா போட்டவர் நம்மவர். ஊரையெல்லாம் எழுப்பிவிட்டுத் தம் குடிசைக்கு அவர் திரும்பும்போது, அங்கே தண்ணீர் ஏறியிருக்கும். ஏனெனில் குடியிருப்பு இருப்பதே ஏரிக்குக் கீழே, வயலோடு வயலாக, பள்ளத்தில். 1891-இல் இதே செங்கற்பட்டு மாவட்டக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர், நம் மக்கள் நிலமும் மனையும் இன்றி வாழ்ந்த நிலையை அரசுக்கு அறிக்கையாக எழுதினார். அதன் வழியே 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. நிலம் ஓரளவு கிடைத்தது; மேட்டு நிலம் கிடைக்கவில்லை. 2022 ஆகஸ்டில் தமிழக அரசின் தலைமைச் செயலர், தண்டோரா முறையை அறவே கைவிட்டு ஒலிபெருக்கி வாயிலாக அறிவிக்குமாறு மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். அதனை நாம் முழு மனத்துடன் வரவேற்றோம். ஒருவன் கழுத்தில் பிறப்பாலே மாட்டப்பட்ட பறை அன்று இறங்கிற்று.

ஆனால், இளைஞர்களே, இங்கேதான் ஒரு கேள்வி எழுகின்றது. பறை இறங்கிய கழுத்தில் இப்போது விசில் தொங்குகின்றது. மஞ்சள் சட்டையும் தலைக்கவசமும் அணிந்து மீண்டும் நாமே மழையில் நடக்க வேண்டுமா? இக்கேள்வியைச் சென்ற மாதம் நம் மாணவர் ஒருவர் நேரிலேயே கேட்டார். கேட்டது நியாயமே. முன்னவரை அனுப்பியது சாதி. அவருக்குக் கூலியும் இல்லை, மறுப்பதற்கு உரிமையும் இல்லை. நீங்கள் கற்றுக்கொண்டு, உங்கள் பெயரை நீங்களே எழுதிக் கொடுத்துப் போகின்றீர்கள். இந்த வேறுபாட்டை நீங்கள் விழிப்போடு காக்க வேண்டும். மீட்புக் குழு என்று அழைத்துச் சென்று, செத்த மாட்டை இழுக்கவும் அடைத்த சாக்கடையில் இறங்கவும் நம் பிள்ளைகளை மட்டும் ஏவினால், அங்கேயே நின்று மறுத்துவிடுங்கள். வேலை எல்லார்க்கும் முறை வைத்து வரட்டும். கையுறையும் பூட்சும் எல்லார்க்கும் வரட்டும். அப்போது நாமும் இறங்குவோம்.

தொண்டரால் என்ன ஆகும் என்று ஐயுறுவோர்க்கு இரண்டு செய்திகள் கூறுவோம். 1970 நவம்பரில் இன்றைய வங்காளதேசத்தில் வீசிய புயலில் மாண்டோர் 3 லட்சத்துக்கும் மேல். 1972-இல் அந்நாட்டில் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு புயல் ஆயத்தத் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். ஊர்தோறும் தொண்டர்கள், கையில் மெகாபோனும் கொடியும். இன்று அவர்கள் 70,000-க்கும் மேற்பட்டோர். அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். 2007-இல் சித்ர் என்னும் கடும்புயல் வந்தபோது இறந்தோர் தொகை ஆயிரக்கணக்கில் நின்றது, லட்சத்தைத் தொடவில்லை. நம் நாட்டு ஒடிசாவில் 1999 அக்டோபர் 29 பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டனர். 2013-இல் பைலின் புயலுக்கு முன்பே அங்கு பத்து லட்சத்தை ஒட்டிய மக்களை அப்புறப்படுத்தினார்கள். இறப்பு ஐம்பதை எட்டவில்லை. அவ்வொடிசாவின் ஆறுகளைக் கட்டுப்படுத்துவது குறித்து 1945 நவம்பர் 8-இல் கட்டாக்கில் கூடிய மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர், அன்று வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அண்ணல் அம்பேத்கர் அவர்கள் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். வெள்ளத்தைப் பற்றிச் சிந்திப்பது நம் தலைவருக்கு அயலான வேலையாக இருந்ததில்லை. 2016-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் தொடங்கிய ஆப்த மித்ரா திட்டமும், பன்னிரண்டு நாள் பயிற்சி அளித்து ஊர்த் தொண்டரை உருவாக்கும் நோக்கமுடையதே.

இப்போது நம் குறையையும் கூறிவிட வேண்டும். மாண்டஸ் புயல் வந்த இரவு. அன்று நாம் பணியாற்றிய பள்ளியே அவ்வூருக்கு ஒரே கான்கிரீட் கட்டடம். விடுமுறை விட்டிருந்தார்கள். வகுப்பறைகளைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நம் வீட்டுக்கு வந்துவிட்டோம். இரவு பத்து மணியளவில் காலனியில் நான்கைந்து கூரைகள் போயின. மக்கள் பிள்ளைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கு ஓடினார்கள். கதவு பூட்டியிருந்தது. தொலைபேசியில் நம்மை எட்ட முடியவில்லை. கோபுரத்துக்கு மின்சாரம் இல்லை. பிரசவமாகிப் பதினெட்டே நாளான ஒரு தாய், தாழ்வாரத்தில், சாரல் அடிக்கும் பக்கம் முதுகைத் திருப்பிக் குழந்தையை மறைத்துக்கொண்டு விடியும்வரை நின்றிருக்கிறாள். காலையில் நாம் போய்ச் சேர்ந்தபோது யாரும் நம்மைத் திட்டவில்லை. "ஐயா, சாவி இருந்தால் நல்லா இருந்திருக்கும்" என்று அவளுடைய மாமியார் சொன்னார், அவ்வளவே. பூட்டை உடைத்திருக்கலாமே என்று கேட்டோம். "அரசாங்கப் பூட்டு ஐயா, நாங்க உடைச்சா கேஸ் ஆகும்" என்றார்கள். வேறு தெருவினராக இருந்தால் அந்த அச்சம் இருந்திருக்குமா என்று இன்றளவும் எண்ணிக்கொண்டிருக்கின்றோம்.

ஆகவே செய்ய வேண்டியவற்றை இன்றே பேசிக்கொள்வோம். பள்ளத்தில் இருப்போர், மண்சுவர் வீட்டினர், கர்ப்பிணிகள், படுக்கையில் கிடக்கும் முதியோர், இவர்களின் பெயர்ப் பட்டியல் நோட்டில் இருக்கட்டும். செல்பேசியில் மட்டும் வேண்டா. சிவப்பு எச்சரிக்கை வந்ததும் முதலில் நகர வேண்டியவர் இவர்கள். ஊறிய மண்சுவர் மழை நின்ற மறுநாள்கூடச் சரியும்; வெயில் வந்துவிட்டதென்று உள்ளே போய்ப் படுக்க விடாதீர்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பியை மிதிக்கவோ கழியால் தள்ளவோ கூடாது. தண்ணீரில் கிடந்தால் அந்தத் தண்ணீரிலும் கால் வைக்கலாகாது. மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். கலங்கலில் செடி கொடி அடைத்திருக்கின்றதா என்று இப்போதே பார்த்துப் நீர்வளத் துறையினரிடம் எழுத்து மூலமாகக் கொடுங்கள். வாயால் சொன்னது மழையோடு போய்விடும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070. சான்றிதழ்களைப் பாலிதீன் உறையில் இட்டு மெழுகுவர்த்தியால் விளிம்பை ஒட்டி, நகல்களைச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள்.

நிவாரணத்தைப் பற்றியும் ஒரு சொல். 2004 சுனாமிக்குப் பின் நாகை மாவட்டத்தில் முகாம்களிலும் உதவிப்பொருள் வழங்குவதிலும் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன. முகாமில் இரண்டு அண்டா வைக்கச் சொன்னால் நம் தொண்டர் உடன்படலாகாது. சண்டையும் வேண்டா. சமையற்பட்டியலில் எல்லாத் தெருப் பெண்களின் பெயரையும் முன்கூட்டியே எழுதிவிட்டால், அடுப்பு மூட்டும் நேரத்தில் வாதம் குறையும். எழுதுவதில் நமக்கு என்ன தடை? இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் அதைத்தானே கற்பித்து வந்திருக்கின்றது!

நாம் இப்போது தலைமையாசிரியராக இருக்கும் பள்ளியில் மூன்று சாவிகள் செய்துவிட்டோம். ஒன்று நம்மிடம், மற்றொன்று ஊராட்சித் தலைவரிடம். மூன்றாவதைக் காலனியில் குடியிருக்கும் சத்துணவு உதவியாளரிடம் கையெழுத்துப் பெற்றுக் கொடுத்திருக்கின்றோம், பதிவேட்டிலும் எழுதியாயிற்று. மற்றப் பள்ளிகளிலும் கேட்டுப் பாருங்கள். மறுத்தால் மனுவாகக் கொடுங்கள், நாமும் உடன் வருகின்றோம். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்கு ஏரிக்கரையில் கூடுகின்றோம். கயிறும் மண்வெட்டியும் கொண்டு வாருங்கள். ஊர்த்தெரு இளைஞர்களையும் அழைத்திருக்கின்றோம். நால்வர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.