கடனில் வாங்கிய காரும் காப்பீடும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இயலும் இசையும் கேட்டு மகிழ வந்திருக்கும் இந்த அவையில், மோட்டார் காரையும் அதன் கடனையும் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால், குடும்பத்தின் வரவு செலவு குலைந்துவிட்டால் இயலும் இசையும் அவ்வீட்டில் நெடுநாள் தங்கமாட்டா. ஆதலால் இப்பொருளைச் சிறிது நேரம் ஆராய்வோம்.

நம்மில் பலருடைய தந்தையரும் பாட்டனாரும் தொழில் தேடிப் பெங்களூருக்கு வந்தவர்கள். இந்நகரில் 1940-இல் ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தோன்றியது. 1948-இல் டெலிபோன் தொழிற்சாலையும், 1953-இல் எச்.எம்.டி.யும், 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸும் தோன்றின. அத்தகைய ஆலைகளுக்கு மிதிவண்டியில் விரைந்து சென்ற தலைமுறை, கடன் என்னும் சொல்லைக் கேட்டாலே அஞ்சிய தலைமுறை. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் தவணைக் கடனில் கார் வாங்குகின்றனர். இதனை நாம் குறை கூறவில்லை. முதியோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போய்வரவும் கார் வேண்டியிருக்கிறது. நாம் கேட்பது ஒன்றே: அந்தக் கார் திடீரென்று இல்லாமற் போனால், அதன் கடன் என்ன ஆகும்?

கார் போனால் கடனும் போய்விடும் என்று எண்ணுவோர் உளர். அஃது உண்மையன்று. கடன் நாம் எழுதிக் கொடுத்த கையெழுத்தின் மீது நிற்பது. கார் அதற்கு ஈடு மட்டுமே. ஈடு அழிந்தாலும் கையெழுத்து அழிவதில்லை. திருடன் காரைக் கொண்டுபோன மாதத்திலும் தவணை நாள் தவறாமல் வரும். செலுத்தத் தவறினால் வங்கி நம்மைக் கேட்கும். நமக்காக ஜாமீன் கையெழுத்திட்டவர் இருந்தால் அவரையும் கேட்கும். அவர் பெரும்பாலும் நம் உறவினராகவோ, உடன் பணிபுரிபவராகவோ இருப்பார்.

இனி, வண்டிக்கு உடையவர் யார் என்பதைப் பார்ப்போம். பதிவுச் சான்றிதழில் வங்கியின் பெயரும் எழுதப்பட்டிருப்பதால், விபத்து நேர்ந்தால் வங்கிக்கும் பொறுப்பு உண்டென்று சிலர் கருதுகின்றனர். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், ஈட்டுக்கடன் உள்ள வண்டியைத் தம் வசம் வைத்திருப்பவரையே உரிமையாளர் என்கிறது. எச்.டி.எஃப்.சி. வங்கி தொடர்புடைய ஒரு வழக்கில் 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இவ்வாறே தீர்ப்பளித்தது. கடன் கொடுத்த வங்கி விபத்து இழப்பீட்டைச் செலுத்த வேண்டியதில்லை, வண்டியைத் தம் வசம் வைத்திருந்த கடனாளியே செலுத்த வேண்டும் என்பது அதன் கருத்து. காரின் மீதான உரிமையில் பங்கு கொண்ட வங்கி, அதன் விபத்தில் பங்கு கொள்வதில்லை!

காப்பீட்டில் இரு பகுதிகள் உண்டு. காப்பீடு எடுத்தவர் ஒருவர், கம்பெனி மற்றொருவர், இவ்விருவரும் அல்லாமல் நம் வண்டியால் துன்புறும் வழிப்போக்கர் மூன்றாமவர். அவருக்காக எடுப்பது மூன்றாம் நபர் காப்பீடு. நம்முடைய கார் நசுங்கினாலும், எரிந்தாலும், களவு போனாலும், வெள்ளத்தில் மூழ்கினாலும் ஈடு செய்வது சொந்தச் சேதக் காப்பீடு. சட்டம் கட்டாயமாக்கியிருப்பது முதற்பகுதியை மட்டுமே. இங்கிலாந்தில் 1930-இல் பிறந்த இந்தக் கட்டாயம், நம் நாட்டில் 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக 1946 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. இரண்டாம் பகுதியைச் சட்டம் கேட்பதில்லை. ஆனால் கடன் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை கேட்கின்றன. சிறிய எழுத்தில் அச்சிட்ட அந்தத் தாள்களை நம்மில் எத்தனை பேர் படித்துப் பார்த்திருக்கிறோம்?

இங்கே ஒரு தமிழரின் முயற்சியைக் குறிப்பிடுவது பொருந்தும். கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். இராஜசேகரன், சாலை விபத்துகளைத் தடுக்க நடவடிக்கை வேண்டி 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2018 ஜூலையில் ஓர் ஆணை பிறந்தது. அவ்வாண்டு செப்டம்பர் முதல், புதிய கார் வாங்குவோர் மூன்று ஆண்டுகளுக்கும், புதிய இருசக்கர வண்டி வாங்குவோர் ஐந்து ஆண்டுகளுக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டை முன்னதாகவே எடுத்தாக வேண்டும் என்பது அந்த ஆணை. காப்பீடற்ற வண்டியால் அடிபட்டு, இழப்பீடு கிடைக்காமல் தவித்த ஏழைக் குடும்பங்களுக்கு இது பெரிய நன்மை.

எனினும் அந்த நன்மையை அரைகுறையாக அறிந்துகொண்டதால் ஒரு மயக்கமும் விளைந்தது. கடையில் கொடுத்த பாலிசியில் மூன்று ஆண்டுகள் என்று கண்டவுடன், எல்லாவற்றுக்கும் மூன்று ஆண்டுகள் என்று எண்ணிவிடுகிறோம். மூன்றாம் நபர் பகுதிக்கு மட்டுமே அது பொருந்தும். சொந்தச் சேதப் பகுதி பெரும்பாலும் ஓராண்டோடு முடிந்துவிடுகிறது. இரண்டாம் ஆண்டில் போலீசார் நிறுத்திக் கேட்டாலும் குற்றம் காண இயலாது. சட்டத்தின் கண்ணுக்குக் கார் காப்புடையது. கடன் கணக்கின் கண்ணுக்கோ அது காப்பற்றது. அந்த ஆண்டில் கடனோ மிகுதி!

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காரின் விலை 8 இலட்சம் ரூபாய் என்க. 6 இலட்சத்து 40 ஆயிரம் கடன், வட்டி 9 விழுக்காடு, ஐந்தாண்டுத் தவணை. மாதந்தோறும் ஏறக்குறைய 13,300 ரூபாய் கட்ட வேண்டும். இரண்டு ஆண்டுகள் தவறாமல் கட்டிய பிறகும் சுமார் 4 இலட்சத்து 18 ஆயிரம் ரூபாய் பாக்கி நிற்கும். அப்போது கார் களவு போகிறது. காப்பீடு இருந்தால், வழக்கமான தேய்மானக் கணக்கில் மூன்றாம் ஆண்டுக்கு 30 விழுக்காடு கழித்து, காரின் மதிப்பு 5 இலட்சத்து 60 ஆயிரம் ஆகும். அதில் வங்கிப் பாக்கி தீரும். சிறு பிடித்தம் போக, ஒன்றேகால் இலட்சத்துக்கு மேல் நம் கைக்கும் வரும். காப்பீடு இல்லையெனில் காரும் இல்லை. 4 இலட்சத்து 18 ஆயிரம் கடன் மட்டும் இருக்கும். இன்னும் மூன்று ஆண்டுகள், பேருந்தில் நின்றுகொண்டு போய்க் காருக்குத் தவணை கட்ட வேண்டும்.

திருட்டு எங்கோ நடப்பது என்று சொல்வோர், 2022 செப்டம்பர் முதல் வாரத்தை நினைவு கூர்க. பெல்லந்தூரிலும் சர்ஜாபூர்ச் சாலையிலும் ஏரி நீர் தெருக்களில் புகுந்து, குடியிருப்புகளின் கீழ்த்தளங்களில் கார்கள் மூழ்கி நின்றதை நாம் கண்டோம். அலுவலகம் செல்வோர் டிராக்டரில் ஏறிச் சென்றனர். 2015 டிசம்பரில் சென்னையும் அப்படியே மூழ்கியது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தவருக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு ரூபாயும் இல்லை. முழுக் காப்பீடு உடையவரும் ஒன்றை அறிய வேண்டும். நீர் புகுந்த காரை அவசரப்பட்டு ஸ்டார்ட் செய்து எஞ்சின் கெட்டால், எஞ்சின் பாதுகாப்பு என்னும் தனிச் சேர்க்கை இல்லாதவருக்குக் கம்பெனி அச்செலவைப் பெரும்பாலும் மறுத்துவிடும். மூழ்கிய வண்டியைத் தள்ளுவதே நலம்.

இதுவரை சொன்னவை நம் பொருள் இழப்பு. மூன்றாம் நபர் காப்பீடும் தீர்ந்துபோன பின் விளைவது இதனினும் பெரிது. மாதம் 25 ஆயிரம் ரூபாய் ஈட்டும் 32 வயதுத் தொழிலாளி ஒருவர், மனைவியையும் இரு குழந்தைகளையும் உடையவர், நம் காரால் உயிரிழந்தார் என்று கொள்வோம். உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்த முறைப்படி, ஆண்டு வருமானம் 3 இலட்சத்தோடு எதிர்கால உயர்வுக்காக 40 விழுக்காடு கூட்ட வேண்டும். அவருடைய சொந்தச் செலவுக்காக மூன்றில் ஒரு பங்கு கழிக்க வேண்டும். எஞ்சியதை 16-ஆல் பெருக்க வேண்டும். விடை 44 இலட்சத்து 80 ஆயிரம் ரூபாய். வேறு தலைப்புகளில் சேர்வன இதற்கு மேல். பாலிசி இருந்தால் கம்பெனி கொடுக்கும். இல்லையெனில் நாம் கொடுக்க வேண்டும். கொடாவிடில் கலெக்டர் வழியாக நிலவரிப் பாக்கி போலவே வசூலிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. பாடுபட்டுக் கட்டிய வீடும் அதற்குத் தப்பாது. நடுத்தரக் கார் ஒன்றுக்கு இந்தக் காப்பீட்டின் ஆண்டுக் கட்டணம் 2022 ஜூனில் 3,416 ரூபாய் என விதிக்கப்பட்டது. இரண்டு தொகைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதன்முறை பிடிபட்டால் 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்பது இவற்றின் அருகே சிறிய செய்தி.

அடிபட்டவர் குடும்பத்தையும் எண்ண வேண்டும். நம்மிடம் பணம் இல்லையெனில் தீர்ப்பு அவர்கள் கையில் வெறும் தாளாகவே இருக்கும். நம் சிக்கனத்தின் விலையை அக்குழந்தைகள் கொடுக்க நேரும். காப்பீடு அவர்களுக்கு நாம் பட்டிருக்கும் கடனுமாகும்.

எனவே சிலவற்றை வேண்டிக்கொள்கிறோம். இன்றிரவே பாலிசியை எடுத்து, இரு பகுதிகளுக்கும் முடிவு நாள் தனித்தனியே எதுவெனப் பாருங்கள். இரண்டையும் வீட்டு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். இல்லத்தரசியர் கண்ணில் படுமாறு வைத்தால் இன்னும் நன்று. முடிவு நாளுக்கு முன்பே புதுப்பியுங்கள். நாள் கடந்தால் காரைச் சோதித்த பின்பே சொந்தச் சேதக் காப்பீடு தருவர். 90 நாள் கடந்தால், விபத்தின்றி ஓட்டியதற்காகச் சேர்ந்த கட்டணச் சலுகையும் போய்விடும். பிரிமியத்துக்குக் கொடுத்த காசோலை வங்கியில் மாறியதா என்பதையும் பாருங்கள். பணம் சேராத பாலிசி துணைக்கு வராது. கடன் தீர்ந்ததும் வங்கியின் தடையின்மைச் சான்று பெற்று, பதிவுச் சான்றிதழிலிருந்தும் பாலிசியிலிருந்தும் அதன் பெயரை நீக்குங்கள்.

தவணை கட்டவே திணறும் மாதத்தில் பிரிமியம் பெருஞ்சுமையாகத் தோன்றும் என்பதை நாம் அறிவோம். அம்மாதத்தில் காரைத் துணி போர்த்தி நிறுத்திவிட்டுப் பேருந்தில் செல்வதில் இழிவு ஒன்றும் இல்லை. நம் பாட்டனார் மிதிவண்டியிலேயே சென்றவர். ஆனால் நிறுத்திய காரையும் திருடன் விடமாட்டான், வெள்ளமும் விடாது. ஆகவே பிரிமியத்தைக் காரின் விலையிலேயே ஒரு பகுதியாக எண்ணிக் கடன் வாங்கும் முன்பே கணக்கிடுக. அதற்கும் சேர்த்துக் கட்ட இயலாத கார், நம் நிலைக்குச் சற்றுப் பெரிய கார்.