ஐயாவின் கடல்

ஓவியம் பற்றிப் பேச வந்தவன் அச்சு மையைப் பற்றிப் பேசுகிறானே என்று எண்ண வேண்டாம். எங்களிற் பெரும்பாலானோர் ஓவியங்களைக் கண்டது அச்சுத் தாளிலேதான். இரவிவர்மாவைக் கல்லச்சுப் படங்களிற் கண்டோம். கோவில்பட்டிக் கொண்டையராஜுவின் தெய்வங்களைச் சுவாமியறைக் கலண்டர்களிற் கண்டோம். மூலத்தைக் கண்டவர் எத்தனை பேர்?

யாழ்ப்பாணத்தில் இக்கேள்விக்குக் கனம் அதிகம். 2000ஆம் ஆண்டில் மறைந்த ஓவியர் அ. மாற்குவின் படைப்புகளிற் பல போரிலும் இடப்பெயர்விலும் காணாமற் போயின. மூலம் போனபின் அச்சுப்படமே சாட்சி. அந்தச் சாட்சி பொய் சொன்னால்?

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். காலமான ஓவிய ஆசிரியர் ஒருவரின் நினைவு மலருக்குப் படங்களைத் தயார்செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தது. பாசையூர்க் கரையை அவர் நீர்வர்ணத்தில் தீட்டிய படம் ஒன்று. 1995 ஒக்ரோபரில் அவருடைய மகள் அதைச் சேலையொன்றிற் சுற்றிச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தவர். அச்சகத்தில் எடுத்த முதற்படியைக் காட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

“தம்பி, இது ஐயாவின்ரை கடல் இல்லை.”

உண்மைதான். நீலக்கடல் கத்தரிப்பூ நிறத்திற் கிடந்தது.

கணினித்திரை ஒளியாலே நிறம் காட்டுவது: சிவப்பு, பச்சை, நீலம். அச்சு மையாலே காட்டுவது: சயன், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு. திரையில் ஒளிரும் சில நிறங்களுக்கு இந்த நான்கு மைகளும் எட்டவே மாட்டா. அவற்றுள் முதன்மையானது ஆழ்ந்த நீலம். கணினி அதைத் தானாக மாற்றும்போது சயனுக்குச் சற்றே குறைவாக மஜெந்தாவையும் சேர்த்துவிடும், நீலம் ஊதாவாகிவிடும். மஜெந்தாவைச் சயனிலும் முப்பது வீதமளவு கீழே இறக்கினால் நீலம் நீலமாக நிற்கும். இதை நான் அறிந்தது அக்காவின் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு.

பிழை அதற்கும் முன்னரே தொடங்கியிருந்தது. எங்களுக்குக் கிடைத்தது கைத்தொலைபேசியில் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம். அந்த வழியில் வரும் படம் பெரும்பாலும் சுருங்கி, நுணுக்கம் இழந்தே வரும். எட்டு அங்குல அகலத்தில் நல்ல தாளில் அச்சிட அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அதாவது குறுக்கே 2,400 புள்ளி. வந்ததில் அதன் பாதிகூட இல்லை.

ஆகவே மீண்டும் எடுத்தோம். படத்தைச் சுவரில் நேராக மாட்டி, இருபுறமும் 45 பாகைச் சரிவில் ஒரே வகை விளக்குகள் இரண்டு. பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டை. அந்தச் சாம்பல் கணினியில் சாம்பலாகத் தெரிந்தால் மற்ற நிறங்களை ஓரளவு நம்பலாம். கோப்பை ரிஃப் ஆகச் சேமித்தோம், ஜேபெக் ஆக அல்ல. பத்திரிகைத்தாள் என்றால் மையின் மொத்த அளவையும் குறைத்திருக்க வேண்டும். அந்தத் தாள் மையை உறிஞ்சிப் புள்ளிகளைப் பருக்க வைக்கும், நிழல்கள் சேறாகும். மலர் வழவழப்புத் தாளில் என்பதால் தப்பினோம்.

இன்னொன்று. கணினியில் இருந்த பெடியன் கெட்டிக்காரன். படத்தின் மூலையில் இருந்த ஈரக்கறையை ஒரு நொடியில் துடைத்துவிட்டான். பழுத்த தாளையும் பால்வெள்ளை ஆக்கியிருந்தான். எனக்குச் சம்மதமில்லை. அது சாவகச்சேரிக்குப் போய்வந்த கறை. திருப்பி வைக்கச் சொன்னேன். அவன் என்னை ஒருமாதிரிப் பார்த்தான், வைத்தான்.

மூன்றாவது படியை அக்கா யன்னலோரம் கொண்டுபோய், பகல் வெளிச்சத்தில் மூலத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். கனநேரம் பார்த்தார்.

“கடல் கிட்ட வந்திட்டுது. மணல்தான் கொஞ்சம் மஞ்சளாக் கிடக்கு.”

மஞ்சளை ஐந்து வீதம் குறைத்து அச்சுக்குக் கொடுத்தோம்.