‘கன்சம்ப்ஷன்’: தீரும் நீரும் திரும்பும் நீரும்

 

‘கன்சம்ப்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லை முன்னிட்டு எனக்கும் துறை நண்பர்களுக்கும் நடக்கும் வழக்கு இந்த அவைக்குப் புதிதல்ல. அதுவும் ‘யூஸ்’ என்பதும் ஒன்றே, முன்னதில் படாடோபம் கூடுதல், அவ்வளவுதான் என்பது அவர்கள் கட்சி. லத்தீன் வேரிலோ அது முழுக்க எடுத்துத் தீர்ப்பது. நெருப்பு வீட்டை விழுங்குவதற்கும் அச்சொல்தான். உடலை உருக்கும் காசநோய்க்கு ஆங்கிலேயர் இட்ட பெயரும் அதுதான். பொருளியலார் கையில் புழங்கிப் புழங்கி அதன் காரம் குறைந்தது. நண்பர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள். சட்டம் நிற்கவில்லை.

கொலராடோ ஆற்றை எடுத்துக்கொள்வோம். 1922 நவம்பரில் சாண்டா ஃபேயில் கையெழுத்தான ஒப்பந்தம் மேல்படுகைக்கும் கீழ்ப்படுகைக்கும் ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி வீதம் ஒதுக்கியது. ஒதுக்கியது எதை? ‘கன்சம்ப்டிவ் யூஸ்’ என்று எழுதினார்கள். இரண்டும் ஒன்றென்றால், அந்த வழக்கறிஞர்கள் ‘பயன்படுத்தும் பயன்பாடு’ என்று உளறியதாக அல்லவா ஆகும்! 1964இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஆணை கணக்கையே போட்டுக் காட்டியது: ஆற்றிலிருந்து எடுத்ததில், மறுபடி எடுக்கத்தக்கதாய் ஆற்றுக்குத் திரும்பியதைக் கழி, மிச்சம்தான் பற்று.

கீழ்ப்படுகையில் நெவாடாவின் பங்கு வெறும் 3 லட்சம் ஏக்கர் அடி. லாஸ் வேகாஸ் ஓட்டலில் ஒருவர் ஷவரைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் குளிக்கிறார். அந்தத் தண்ணீர் சாக்கடைக்குப் போய், சுத்திகரிக்கப்பட்டு, லாஸ் வேகாஸ் வாஷ் என்னும் ஓடை வழியே கொலராடோ ஆற்றின் மீட் ஏரிக்கே வந்து சேர்கிறது. வந்த அளவுக்கு நகரம் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். மனிதர் நீரைப் பயன்படுத்தினார், தீர்க்கவில்லை. (சூடாக்கிய செலவு வேறு வழக்கு.) வெளியே, சாலை நடுத்திட்டில் யாரும் கால் வைக்காத புல்லுக்குத் தெளித்த நீரோ பாலைவன வெயிலில் ஆவியாகிப் போகிறது. பற்று அங்கேதான் விழுகிறது. 2021இல் நெவாடா மாநிலம் சட்டம் போட்டபோது குளியலறையைத் தொடவில்லை. 2026 முடிந்தபின் அலங்காரப் புல்லுக்குக் கொலராடோ நீர் கிடையாது என்றது. தனிவீட்டுப் புல்லுக்கு விலக்கு உண்டு, வாக்காளர் வீடாயிற்றே!

‘மிச்சம்’ என்பதையும் இதே கணக்கில்தான் பார்க்க வேண்டும். கொலராடோ நீரைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோகும் ஆல் அமெரிக்கன் கால்வாயின் ஒரு பகுதிக்குக் கான்கிரீட் போட்டு ஆண்டுக்கு 67,700 ஏக்கர் அடி மிச்சம் பிடித்தார்கள். முன்பு கசிந்த நீர் எல்லை தாண்டி மெக்சிகோவின் மெக்சிகலி கிணறுகளில் ஊறிக்கொண்டிருந்தது.

சொட்டுநீர்ப் பாசனம், அனல்மின் நிலையக் குளிர்விப்பு பற்றி எழுதி வந்தேன். நேரமில்லை, அச்சில் சேர்க்கலாம். காவிரி நடுவர் மன்றம் 2007 தீர்ப்பில், குடிநீருக்கு எடுப்பதில் 20 விழுக்காடும் தொழிலுக்கு எடுப்பதில் 2.5 விழுக்காடும் மட்டுமே தீர்வதாகக் கொண்டதே, அதை இந்தக் கண்ணோடு ஆய்வு மாணவர் ஒருவர் படிக்க வேண்டும். மின்வாரியம் நம்மைக் ‘கன்ஸ்யூமர்’ என்பது எந்தப் பொருளில் என்பதற்கும் ஒரு கட்டுரை தேறும். மறுப்புள்ள நண்பர்கள் தேநீருக்குப் பிறகு வரலாம்.