யாருடைய கேள்வி ஆய்வாகிறது?



பள்ளி மாணவர்களின் தனி ஆய்வுகளுக்கு வழிகாட்டுவது பற்றிப் பேசச் சொன்னார்கள். அழைப்பிதழில் 'மீத்திறன் மாணவர்கள்' என்று போட்டிருக்கிறது. பள்ளிகளில் 'மீத்திறன்' என்றும் 'மெல்லக் கற்போர்' என்றும் பட்டியல் போடுவார்கள். எந்தப் பட்டியலில் காலனிப் பிள்ளைகளின் பெயர் அதிகம் இருக்கும் என்று அரசுப் பள்ளியில் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போன ஆண்டு பதினோராம் வகுப்பு மாணவி ஒருவரின் ஆய்வுக்கு உதவினேன். மீத்திறன் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் ஊரில் ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் ஒரே மேல்நிலைத் தொட்டி. ஒரே நேரத்தில்தான் தண்ணீர் திறக்கிறார்கள், பிறகு ஏன் எங்கள் குடம் மட்டும் நிரம்புவதில்லை என்பதுதான் அவருடைய கேள்வி. இரண்டு வாரம் ஒரே குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாய் குழாயாகப் போனார். நிரம்பும் நேரத்தை அம்மாவின் செல்போனில் அளந்து நோட்டில் எழுதினார். ஊர்த்தெருவில் ஒரு குடம் நிரம்பும் நேரத்தில் காலனியில் கால் குடம்கூட நிரம்பவில்லை.

காரணத்தையும் தேடினார். பெரிய குழாய் ஊர்த்தெருவோடு முடிகிறது. அங்கிருந்து மெல்லிய குழாய் ஒன்று காலனிக்குப் பிரிகிறது. குழாயின் ஆரம் பாதியானால் நீரோட்டம் பதினாறில் ஒரு பங்காகும் என்று இயற்பியல் பாடத்தில் ஒரு சூத்திரம் உண்டு. அது வரிச்சீர் ஓட்டத்துக்குத்தான், ஊர்க் குழாய்க்கு அப்படியே பொருந்தாது என்று எனக்குச் சொன்னவரே அவர்தான். நான் அதை மறந்துபோயிருந்தேன்.

கண்காட்சியில் நடுவர் நோட்டைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "இது அறிவியல் இல்லைம்மா, அரசியல். மழைநீர் சேகரிப்பு மாதிரி ஏதாவது பண்ணு." முதல் பரிசு ஒரு ட்ரோனுக்குப் போனது. அதை மாணவன் செய்தானா, பயிற்சி நிறுவனம் பூட்டிக் கொடுத்ததா என்று யாரும் கேட்கவில்லை.

1855இல் ஞானோதயா என்ற மராத்தி இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் முக்தா சால்வே. மாங் சாதியில் பிறந்தவர், புனேயில் புலே இணையரின் பள்ளியில் படித்தவர், அப்போது வயது 14. மகர், மாங் மக்கள் பட்ட துன்பங்களை எழுதிவிட்டு, வேதத்தைத் தொடக்கூடாது என்றால் எங்கள் மதம்தான் எது என்று கேட்டார். அவர் எடுத்துக்கொண்டதும் தன் தெருவைத்தான். சாவித்திரிபாயும் ஜோதிராவும் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒன்றிய அரசின் இன்ஸ்பையர் மானக் திட்டத்தில் தேர்வாகும் மாணவருக்கு 10,000 ரூபாய் தருகிறார்கள். ஆனால் பெயரைப் பள்ளிதான் அனுப்ப வேண்டும். 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு ஓரளவு நல்ல வழி. உள்ளூர்ப் பிரச்சினையை எடுக்கலாம், தாய்மொழியில் எழுதலாம். அங்கேயும் பிள்ளையின் நோட்டைப் பொறுமையாகப் படிக்க ஒரு ஆள் வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஆளைக் காசு கொடுத்துப் பிடித்துவிடுகிறார்கள்.

இங்கே முனைவர் பட்ட ஆய்வாளர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள். தலைப்பை நீங்கள் கொடுக்காதீர்கள், அவர்களைக் கேளுங்கள். அளப்பது எப்படி, பிழையைக் கண்டுபிடிப்பது எப்படி என்று மட்டும் கூட இருந்து காட்டுங்கள். அறிக்கையை நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். எனக்கே இரண்டு முறை கை துறுதுறுத்தது.

அந்த மாணவி இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. குழாய் பதித்த வரைபடத்தைக் கேட்டு ஊராட்சி அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் போகிறோம்.