மிதிவண்டியில் மிதி கால்வாய்

தென் பிரான்ஸ் என்று சொன்னதும் கர்காசோன் கோட்டைக்குக் கூட்டிப்போவேன் என்றுதான் பலர் நினைத்திருப்பீர்கள். அந்த இரட்டை மதிலையும் கூம்புக் கோபுரங்களையும் படத்திலாவது பார்க்காதவர் குறைவு. அது பாட்டுக்கு அங்கே இருக்கட்டும். அதற்கு வடமேற்கே சுமார் 35 கிலோமீட்டரில் கஸ்தெல்நோதரி என்று ஓர் ஊர் இருக்கிறது. துலூஸிலிருந்து நார்போன் போகிற ரயில் பாதையில்தான் வரும். ஆனால் நாம் ரயிலில் போகப்போவதில்லை. துலூஸில் ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, மிதி கால்வாயின் கரையோடு ஏறத்தாழ 65 கிலோமீட்டர் ஓட்டிப்போவோம். வழியில் ஒரு ராத்திரி தங்கினாலும் யாரும் கேட்கப்போவதில்லை.

அறுபது கிலோமீட்டருக்கு மேலா என்று முழங்காலைத் தடவிக்கொள்கிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. அந்தக் காலத்தில் குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த கரை அது. தண்ணீர் எப்படி மட்டமோ பாதையும் அப்படியே மட்டம். படகை ஏற்றி இறக்குகிற லாக் வரும் இடத்தில் மட்டும் சின்னதாக ஒரு மேடு வரும். ஒரு மூச்சு வாங்கி மிதித்தால் ஏறிவிடும். துலூஸ் மாவட்ட எல்லை வரைக்கும் தார் போட்ட பாதை. அதைத் தாண்டி நான் ஓட்டியபோது மண்ணும் சரளையும்தான். மரவேர்கள் வேறு பாதையைத் தூக்கிவிட்டிருந்தன. டயர் கொஞ்சம் அகலமாக இருப்பது நல்லது.

காற்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பக்கம் பயணத்தைத் தீர்மானிப்பது அதுதான். மேற்கிலிருந்து அடிப்பதற்கு செர்ஸ் என்று பெயர். துலூஸிலிருந்து கிழக்கே போகிறவரை அது முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே வரும். தென்கிழக்கிலிருந்து வருவது ஒத்தான். அது எதிரே வந்துவிட்டால் கியரை எவ்வளவு இறக்கினாலும் பயனில்லை, நடந்து போகிறவர் நம்மை முந்திப்போவார். ஒத்தான் அடிக்கும் நாளில் மனுஷனுக்குப் புத்தி பிசகும் என்று அங்கே ஒரு பேச்சு உண்டு. முகத்தில் வாங்கியவன் என்ற முறையில் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

படகுகளுக்கு இந்தக் கால்வாயில் மணிக்கு 8 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். ஆகவே காலையில் நாம் ஒரு படகைத் தாண்டிப் போவோம், மேல்தளத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறவர்கள் கையசைப்பார்கள். நாம் ஒரு நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ரொட்டியைப் பிட்டுக்கொண்டிருப்போம், அவர்கள் வந்து சேருவார்கள். திரும்பவும் கையசைப்பு. சாயங்காலத்துக்குள் பேர் தெரியாமலே சொந்தக்காரர்களாகிவிடலாம். 1787-ல் தாமஸ் ஜெஃபர்சன் இதே கால்வாயில் போயிருக்கிறார், அமெரிக்க ஜனாதிபதி ஆவதற்கு முன்னால். தன் கோச்சு வண்டியின் சக்கரங்களைக் கழற்றிவிட்டு, வண்டியைப் படகின் மேல் தூக்கி வைத்து, அதற்குள் உட்கார்ந்து கண்ணாடி வழியாக வேடிக்கை பார்த்தபடி வந்தாராம். கால் வலித்தால் உள்ளே, சலித்தால் இறங்கிக் கரையில் நடை. கொடுத்துவைத்த மனிதர்.

நிழல் என்று சொன்னேன் அல்லவா, அதில் ஒரு துயரமும் இருக்கிறது. கால்வாயின் இரு கரையிலும் 42,000 பிளேன் மரங்கள் நின்றன. ஒரு பூஞ்சை நோய் வந்து அவற்றைக் கொன்றுகொண்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் வெடிமருந்துப் பெட்டி மரத்தோடு பிரான்சுக்குள் வந்தது என்கிறார்கள். இந்தக் கால்வாயில் கண்டுபிடித்தது 2006-ல். வேரோடு வேர் ஒட்டிப் பரவும், தண்ணீரிலும் பரவும், மரத்தில் கட்டுகிற படகுக் கயிற்றோடும் பரவும். நோய் கண்ட மரத்தை வெட்டி எரிப்பதைத் தவிர வழியில்லை. குளிர்ச்சியான பச்சைக் குகைக்குள் போய்க்கொண்டே இருப்போம், சட்டென்று மொட்டை வெயில், பக்கத்தில் வரிசையாக இளங்கன்றுகள். வேறு வேறு சாதி மரங்களை நடுகிறார்கள். தொப்பியை மறக்காதீர்கள்.

துலூஸிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தாண்டியதும் நொரூஸ் வரும். கால்வாயின் முதுகெலும்பே அங்கேதான். ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் மத்தியதரைக் கடல், நடுவே நிலம் மேடுதட்டி நிற்கிறது. மேட்டின் மேல் படகு மிதக்க வேண்டுமானால் அங்கே தண்ணீர் எங்கிருந்து வரும்? பலரைத் தடுத்த கேள்வி இதுதான். பியேர்-போல் ரிக்கே என்பவர் பதில் சொன்னார். பொறியாளர் இல்லை, உப்பு வரி வசூலிக்கிற ஆசாமி. வடக்கே கறுப்பு மலை ஓடைகளை மறித்து, சேன்-ஃபெரியோலில் பெரிய ஏரி கட்டி, வாய்க்கால் வெட்டி நொரூஸ் வரைக்கும் கொண்டுவந்து இரு பக்கமும் திருப்பிவிட்டார். அரசாணை 1666-ல், கால்வாய் திறந்தது 1681-ல். மனிதர் சில மாதங்களுக்கு முன்னால், 1680-லேயே கண்ணை மூடிவிட்டார். மேட்டின் மேற்குக் கடைசி லாக்குக்கு சமுத்திரம் என்று பெயர், கிழக்கே முதல் லாக்குக்கு மத்தியதரைக் கடல். நடுவே ஐந்து கிலோமீட்டர்தான். இரண்டு கடலுக்கும் இடையிலே அரை மணி நேரத்துக்குள் சைக்கிள் ஓட்டிவிடலாம், யோசித்துப் பாருங்கள்!

லாக்குகளின் சுவர் நேராக இருக்காது, இரு புறமும் வயிறு தள்ளி முட்டை வடிவில் இருக்கும். ஆரம்பத்தில் நேர்ச்சுவர் எழுப்பி, மண் நெருக்கி அது சரிந்துபோனது. அதன் பிறகுதான் ரிக்கே இந்த வளைவைப் பிடித்தார். இன்னொன்று, கர்காசோன்காரர்கள் கால்வாய்க்குப் பணம் தர மாட்டோம் என்றார்கள். சரி என்று ஊரை ஒதுக்கிவிட்டுக் கால்வாய் போயிற்று. பிறகு ஞானோதயம் வந்து, ஊருக்குள் திருப்பிக்கொள்ள 1810 ஆயிற்று. கஸ்தெல்நோதரி பணம் கொடுத்துத் தன் வாசலுக்கே வரவழைத்துக்கொண்டது. அதன் பலன் ஊருக்கு முன்னால் பரந்து கிடக்கிற ஏழு ஹெக்டேர் தண்ணீர். பெரிய பேசின் என்று பெயர். ஊர் முழுக்க அதில் தலைகீழாகத் தெரியும்.

ஊருக்குள் வந்தாயிற்று, பசிக்கிறது. காற்றாலை, தேவாலயம் எல்லாம் பார்க்கலாம், ஆனால் முதலில் கசூலே. சைவ நேயர்கள் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ள வேண்டும். வெள்ளை பீன்ஸ் கொட்டையை ராத்திரியே ஊறப்போட்டு, பன்றித் தோலைச் சட்டியின் அடியில் விரித்து, பூண்டு, தொத்திறைச்சி, பன்றி இறைச்சி, தன் கொழுப்பிலேயே வெந்த வாத்துத் தொடை எல்லாம் அடுக்கி, அடுப்பில் மணிக்கணக்காக விட்டுவிடுகிற சமாசாரம். மேலே பொன்னிறமாக ஒரு ஏடு கட்டும். அதைக் கரண்டியால் உடைத்து உள்ளே அமுக்க வேண்டும். மறுபடி கட்டும், மறுபடி உடைக்க வேண்டும். ஏழு முறை என்பது சம்பிரதாயம். பழைய நாளில் ரொட்டி சுடுகிறவரின் அடுப்பில், கறுப்பு மலையிலிருந்து வந்த முட்செடி விறகு எரித்துச் சமைத்திருக்கிறார்கள்.

எனக்கு அந்தக் கொட்டையைவிடச் சட்டியின் மேல்தான் கண். கசோல் என்று சொல்வார்கள், உணவுக்கே பெயர் கொடுத்தது அதுதான். ஊருக்கு வடக்கே இசெல் என்ற கிராமத்து மண்ணில் பிறந்த சட்டி. அடி சிறுத்து, மேலே போகப் போக விரியும். வாய் அகலமாக இருப்பதால்தான் ஏடு அதிகம் கிடைக்கும், ஏடுதானே எல்லோருக்கும் வேண்டியது. கால்வாய்க் கரையிலேயே மாஸ்-சந்த்-புயேல் பக்கம் ஒரு பழைய குயவர் பட்டறை இருக்கிறது. உள்ளே காயப்போட்ட சட்டிகள் பலகை பலகையாக. ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வெளிப்புறம் மெருகில்லாத வெறும் மண், விரல் ஓடிய வரிகள் அப்படியே தெரிந்தன. உட்புறம் மட்டும் தேன் நிறத்தில் கண்ணாடிப் பூச்சு, விளிம்பிலிருந்து ஒரு சொட்டு வழிந்து வெளியே நின்றுவிட்டது. நம் வீட்டு மீன் குழம்புச் சட்டிக்கு ஒரு தங்கை பிறந்து கொஞ்சம் செல்லமாக வளர்ந்தால் இப்படித்தான் இருப்பாள்.

கசூலேக்கு ஒரு கதை இல்லாமல் இருக்குமா? நூறாண்டுப் போரில் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டார்களாம். ஊரார் வீட்டில் மிஞ்சியிருந்த கொட்டை, இறைச்சி எல்லாவற்றையும் ஒரே கொப்பரையில் போட்டு வேகவைத்து வீரர்களுக்குப் பரிமாறினார்களாம். தின்ற தெம்பில் அவர்கள் எதிரியைக் கடற்கரை வரைக்கும் துரத்தினார்களாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நடந்தது வேறு. 1355-ல் கறுப்பு இளவரசன் எட்வர்டின் படை வந்து ஊரைக் கொளுத்திவிட்டுப் போனது. அதோடு, இந்த வெள்ளை பீன்ஸ் அமெரிக்காக் கண்டத்துப் பயிர். கொலம்பஸ் கப்பலேறவே அப்போது இன்னும் நூற்றுச் சொச்சம் வருடம் இருக்கிறது! அந்தக் கொப்பரையில் ஏதாவது வெந்திருந்தால் அது மொச்சை வகையாகத்தான் இருந்திருக்கும். ஊர்க்காரர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் என் தட்டைப் பார்த்தார், ஆறுகிறது, சாப்பிடுங்கள் என்றார்.

கசூலேக்கு மூன்று ஊர்கள் சொந்தம் கொண்டாடுகின்றன. ப்ரொஸ்பேர் மொந்தாஞே என்ற சமையல் மேதை, பெரிய சமையல் கலைக்களஞ்சியமே தொகுத்தவர், பஞ்சாயத்துப் பண்ணினார். கஸ்தெல்நோதரியின் கசூலே பிதா, கர்காசோனுடையது சுதன், துலூஸுடையது பரிசுத்த ஆவி என்றார். அவர் பிறந்தது எங்கே தெரியுமா? கர்காசோனில். சொந்த ஊரை இரண்டாம் இடத்தில் வைக்க எவ்வளவு நெஞ்சுறுதி வேண்டும்! பிதாவின் ஊரில் 1970 முதல் கசூலேயைக் காக்க ஒரு சங்கமே இருக்கிறது. அங்கியும் தொப்பியும் போட்டுக்கொண்டு உறுதிமொழி எடுக்கிறார்கள். ஆகஸ்ட் கடைசியில் திருவிழாவும் உண்டு. கர்காசோன் பாணியில் காட்டுக் கௌதாரியும் ஆட்டிறைச்சியும் சேரும் என்று அங்கே போய்ச் சொல்லிப் பாருங்கள், முகம் போகிற போக்கே வேறு.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுற்றுவட்டாரத்துச் சூரியகாந்தி வயல்களைப் பற்றிச் சொல்லவே இல்லை. அந்த நிலத்தில் முன்பு நீலச் சாயத்துக்கான பஸ்தெல் செடி விளைந்து துலூஸ் வணிகர்களை மாளிகை கட்ட வைத்தது. அப்புறம் நம் பக்கத்து அவுரி கப்பலில் போய் அந்த வியாபாரத்தைச் சாய்த்தது. அது இன்னொரு நாளைக்கு. நீங்கள் போவதாக இருந்தால் ஒன்று மட்டும். கசூலேயை மதியம் சாப்பிட்டுவிட்டு மேலே ஓட்டலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ராத்திரிக்கு வைத்துக்கொண்டு, பேசின் கரையிலேயே அறை எடுத்துத் தங்குங்கள். பொறுக்கவில்லை என்றால் மதியமே தின்றுவிட்டு ரயில் நிலையத்துக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போங்கள். வட்டார ரயிலில் ஏற்றிக்கொள்ளலாம், மாட்டிவைக்கக் கொக்கியும் உண்டு.