பாட்டிலா, பாலாடையா?

தமிழக அரசு ஊழியருக்கு 2021 முதல் ஓராண்டு பேறுகால விடுப்பு. புதுக்கோட்டை மாவட்டம் ஆதனக்கோட்டையில் முந்திரிக்கொட்டை வறுத்து உடைக்கும் பெண்ணுக்கு அது ஏது? கைப்பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டுத்தான் வேலை.

தாய்ப்பாலைச் சுத்தமான கிண்ணத்தில் பீய்ச்சி மூடினால், 25 டிகிரிக்குள் 4 மணி நேரம் தாங்கும். புதுக்கோட்டை வெயிலில் அந்தக் கணக்கு எடுபடாது, ஃபிரிட்ஜ்தான் சரி. குளிர் போக, கிண்ணத்தை வெந்நீரில் வைத்தால் போதும், அடுப்பேற்றக் கூடாது.

ஊட்டுவதற்கு நம் பாலாடை இருக்கிறதே! பிள்ளையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடை மூக்கை உதட்டில் வைத்து மெல்லச் சாய்த்தால், தானே உறிஞ்சிக் குடிக்கும். மடமடவென்று ஊற்றினால் புரையேறும்.

பாட்டிலின் ரப்பர் இடுக்கில் பால் தங்கிக் கிருமி பெருகும். 1992 சட்டப்படி இந்தியாவில் பாட்டிலுக்கு விளம்பரமே கூடாது.

பாட்டில்தான் வழி என்றால், தாய்ப்பால் நன்கு பழகியபின், முதலில் பாட்டியே கொடுத்துப் பார்க்கலாம். அம்மா வாசம் பக்கத்தில் இருந்தால் பல பிள்ளைகள் பாட்டிலைச் சீந்துவதே இல்லை.