மூன்று சூரியர்களின் சரிவில்



கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகின்ற ஒரு தமிழாசிரியன், வைன் சுவைப்பதற்கென்றே மக்கள் யாத்திரை போகும் ஓரிடத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களிற் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கும் முதலில் கூச்சமாகத்தான் இருந்தது. 2019ஆம் ஆண்டு ஓகஸ்ட் விடுமுறையில், சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் வாழும் என் தமக்கையார் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை அத்தான், "தம்பி, வெளிக்கிடும், உமக்கு முந்திரிகைத் தோட்டம் காட்டுறன்" என்று சொல்லிப் புகையிரதத்தில் ஏற்றினார்.

முந்திரிகைத் தோட்டம் என்றதும் என் மனக்கண்ணில் எழுந்தவை உரும்பிராய்ப் பக்கத்துப் பந்தல்கள்தாம். செம்மண் தரை, தலைக்கு மேலே கொடி, தூரத்தில் நீரிறைக்கும் இயந்திரத்தின் சத்தம். லவோ என்று அவர்கள் சொல்லும் அந்தப் பிரதேசத்தில் பந்தலுமில்லை, சமதரையுமில்லை. ஜெனீவா ஏரியின் வடகரையில் மலை நேரே தண்ணீரை நோக்கி இறங்குகிறது. (ஜெனீவா என்றால் பத்திரிகை வாசிக்கும் நமக்கு வேறொரு விடயம் நினைவுக்கு வரும்; அன்று அதை மறந்திருந்தேன்.) அந்தச் சரிவு முழுவதையும் படிப்படியாகக் கல்லால் அணைகட்டி, ஒவ்வொரு படியிலும் கொடிகளைக் குட்டையாக நிறுத்தியிருக்கிறார்கள். லொசானின் கிழக்கு எல்லையிலிருந்து சியோன் கோட்டை வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளம். 800 ஹெக்டேயர் அளவு நிலம். கல்லணைகளை ஒன்றோடொன்று நீட்டிவைத்தால் 400 கிலோமீற்றருக்கு மேல் வருமாம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு மதில் கட்டினாற்போல!

குய்யி என்ற சிறு நிலையத்தில் இறங்கி, எபெஸ், ரிவா என்னும் கிராமங்களூடாக நடந்தோம். கீழே நீல ஏரி, அக்கரையில் பிரான்சின் மலைகள். தங்களுக்கு மூன்று சூரியர்கள் என்பது அவ்வூரார் பேச்சு. வானத்துச் சூரியன் ஒன்று, ஏரியிற் பட்டுத் தெறிப்பது இன்னொன்று, பகலெல்லாம் வெயில் குடித்து இரவிலே சூடு விடுகின்ற கற்சுவர் மூன்றாவது. நான் ஒரு சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். இப்போதுதான் இறக்கிய தோசைக்கல் போல இருந்தது. 12ஆம் நூற்றாண்டில் துறவிகள் காடு வெட்டித் திருத்தத் தொடங்கிய நிலம் இது. மழை மண்ணைக் கீழே கொண்டுபோகும். கூடையிற் சுமந்து திரும்ப மேலே கொட்டுவார்கள். இன்று அறுவடைக்கு ஒற்றைத் தண்டவாளத்தில் சிறு வண்டி ஊர்ந்து ஏறுகிறது. ஆனாலும் செங்குத்தான படிகளில் கத்தரிப்பதும் பறிப்பதும் மனிதக் கைதான். வீடுகட்ட விற்றிருந்தால் எவ்வளவோ பணம் கிடைத்திருக்கும். 1977இல் வோ மாநில மக்கள் வாக்களித்து இந்நிலத்துக்குப் பாதுகாப்புத் தேடினார்கள். 2007இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமையாக ஏற்றது.

இந்தச் சரிவிலே ஒரு நாவலும் பிறந்திருக்கிறது. ராமூ என்ற எழுத்தாளர், திராட்சைக் கிராமம் ஒன்றுக்கு வந்து சேரும் கூடை முடைபவன் ஒருவனை வைத்து 1923இல் எழுதினார். முன்னைய 200 பிராங் தாளில் அவர் முகம்தான் இருந்தது. எழுத்தாளன் முகத்தைப் பணத்தில் அச்சிட்ட நாடு!

இனி அந்த நிலவறைக்கு வருகிறேன். மூதாட்டி ஒருவர் இரண்டு சிறிய கண்ணாடிக் குவளைகளில் வார்த்தார். இரண்டும் ஷஸ்லா என்னும் ஒரே இனப் பழத்தில் வடித்தவை. ஒன்று டெசலே நிலத்தது, மற்றது பக்கத்திலேயே உள்ள கலமீன் நிலத்தது. முதலாவது கூழாங்கற்கள் இறுகிப் பாறையான நிலம். இரண்டாவது எப்போதோ மலை சரிந்து வந்து நின்ற களிமண். முதலாவதில் தீக்கல்லின் மணமும் தேனும், மற்றதில் வேறொரு கனமும் தெரியும் என்றார், அத்தான் மொழிபெயர்த்தார். பக்கத்தில் துப்புவதற்கென்று ஒரு வாளி. நான் தயங்கி நின்றேன். "உண்ணாமை எண்டுதானே வள்ளுவர் சொன்னவர், துப்பக்கூடாதெண்டு சொல்லேல்லையே" என்று அத்தான் பகிடிவிட்டார். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தபோது மறுப்பது அவருடைய நிலத்தை மறுப்பதாகத் தோன்றியது. வாயில் வைத்தேன், துப்பினேன். மெல்லிய புளிப்பு; அதற்கு மேல் ஒன்றும் பிடிபடவில்லை. யவனர் கொணர்ந்த நறுந்தேறலைப் பாடிய நக்கீரருக்குப் பிடிபட்டிருக்கும்.

மதியம் ஏரிக்கரை உணவகத்தில் அத்தானுக்குப் பொரித்த மீன். வெள்ளியில் நான் மச்சம் தொடுவதில்லை. எனக்கு லீக்ஸும் உருளைக்கிழங்கும் குழைய அவித்த அவ்வூர்ப் பதார்த்தம், மேலே வைக்கும் சொசேஜை நீக்கி வந்தது. நம்மூர்ப் பத்தியக் கறி போல, குறை சொல்வதற்கில்லை.

மாலையில் வெவே நகரத்துக்குப் போனோம். 1797இல் தொடங்கி, ஒரு தலைமுறைக்கு ஒருமுறை எடுக்கும் விழா அப்போது நடந்துகொண்டிருந்தது. நுழைவுச்சீட்டின் விலையைக் கேட்டு வெளியே நின்றோம். இந்த விழாவின் மூலம் என்ன தெரியுமா? திராட்சை வளர்ப்போர் சங்கமொன்று ஆண்டுதோறும் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து, வேலை செய்தவர்களுக்குப் புள்ளி போடும். பிறர் நிலத்தில் உழைக்கும் தொழிலாளிகளில் மிகச் சிறந்தவர்களுக்கு ஊரறிய முடிசூட்டுவார்கள். அத்தான் இதைச் சொன்னபோது எங்கள் வளவுப் பனைகளில் ஏறிய மனிதர் நினைவுக்கு வந்தார். என் தந்தையார் அவரை ஒருமையில் அழைத்தார். அவர் எங்கள் திண்ணையில் இருந்ததை நான் கண்டதில்லை. ஒரு குவளையின் மணத்தைப் பற்றிக் கேட்க நான் கடல் கடந்து வந்திருக்கிறேன். இவரிடம் ஒரு வார்த்தை கேட்டவனல்லன்.

சென்ற சித்திரையில் அவரைக் கேணியடியில் கண்டேன். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இப்போது ஏறுவது மகன். லவோவைப் பற்றிச் சொன்னேன்.

"மண்ணுக்கு மண் ருசி மாறும்தானே, மாஸ்டர். உவர்க்கரைப் பனையின்ரை ஒரு மாதிரி, செம்பாட்டுப் பனையின்ரை வேறை மாதிரி. நீங்கள் ஒருநாளும் கேட்கேல்லை" என்றார்.

"இப்ப கேட்கிறன், அண்ணை. உள்ளை வந்து இருங்கோ" என்றேன். வந்தார், சற்றுத் தயங்கித்தான் கதிரையில் அமர்ந்தார்.

மறுநாள் விடியற்காலை இரண்டு போத்தல்களில் கருப்பநீர் வந்தது. இரண்டையும் மாறி மாறிக் குடித்துப் பார்த்தேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த கிழமையும் கொண்டுவரச் சொன்னேன்.